சாலைக் கடை மாலுக்குப் போனபோது

துணிக்கடையில் நிற்கிற பெண்ணுக்கு வேண்டியது ரெண்டே ரெண்டு, பேசுகிற வாயும் வலிக்காத காலும். என்னிடம் காலும் அவ்வளவு சரியில்லை.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று பழகியவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். வாங்க வருகிறவர்கள் படித்தால், பிரித்துப் போட்ட சேலையை ஒரு மடிப்பாவது மடித்து வைத்துவிட்டுப் போங்கள். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

நான் மலைமேல் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் பிறந்தவள். லயத்தில் புது ஆள் என்று யாரும் கிடையாது. அதனால் புது ஆளிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது. படிப்பும் ஏழாவதோடு நின்றது. கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்து, மகளை அங்கன்வாடியில் விடுகிற வயசு வந்ததும், சாலையில் ஒரு சேலைக்கடையில் சேர்ந்தேன். சாலை என்றால் வெறும் ரோடு இல்லை, கிழக்கேகோட்டை பக்கத்திலிருக்கிற பழைய சந்தைத் தெருவுக்குப் பேரே சாலைதான். என் வீட்டுக்காரர் அங்கேதான் பெட்டி ஆட்டோவில் சரக்கு ஏற்றுகிறார். கடை முதலாளி திருநெல்வேலிக்காரர். தெருவே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும். அவர் பேசுவார், கூட வேலை செய்கிற ஷீபா சேச்சி அவரைவிட அதிகம் பேசுவாள். நான் சேலையைத் தோளில் போட்டுக் காட்டுவேன், மடிப்பேன், அடுக்குவேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

பிறகு கார் வைத்திருக்கிறவர்கள் சாலைக்கு வருவது நின்றுபோனது. நிறுத்த இடமில்லை. அண்ணாச்சி கடையைப் பூட்டி, பைபாஸ் ரோட்டில் புதிதாகக் கட்டின மாலில் இரண்டாம் மாடியில் கடை எடுத்தார். கொச்சியிலிருந்து நிதின் சார் மேனேஜராக வந்தார். நல்ல பையன்தான். ஆனால் என்னை ஒரு நாள் பார்த்துவிட்டு, என் காதுபடவே அண்ணாச்சியிடம் சொன்னார்: "பேசாத ஸ்டாஃப் இங்கே சரிப்படாது. ஓணம் வரைக்கும் பார்க்கலாம்." என் சம்பளம் இல்லையென்றால் இந்த ஊரில் வாடகை கொடுத்து இருக்க முடியாது, பிள்ளையோடு மலைக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே பெட்டி ஆட்டோவுக்கு ஏது சரக்கு? கீழே சொல்வதெல்லாம் அந்த ஓணத்துக்கு முன்னால், வேலை இருக்குமா போகுமா என்று தெரியாமல் நின்ற நாள்களில் நடந்தது.

இடது பக்கம்

முதலில் என்னை வாசலில் நிறுத்தினார்கள். வருகிறவர்களைக் கைகூப்பி, "நமஸ்காரம், உள்ளே வாங்க" என்று கூப்பிட வேண்டும். கை கூப்பினேன். வாய் திறக்கவில்லை. ஆனால் கைகூப்பி நிற்கிற ஆளைப் பார்த்தால் ஜனங்களுக்கு என்ன தோன்றுமோ, எல்லாரும் நேராக என்னிடம் வந்து வழி கேட்டார்கள். பாத்ரூம் எங்கே, லிஃப்ட் எங்கே, சாப்பாட்டுக் கடையெல்லாம் எந்த மாடி, ஏடிஎம் எங்கே. சேலை எங்கே என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

தெரியாது என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கட்டடத்தை மூலை மூலையாகச் சுற்றிப் பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு கதவைத் திறந்தால் இன்னொரு வராந்தா, அதன் கடைசியில் இன்னொரு கதவு. அப்படித்தான் அந்த மாலில் நான் பேசின முதல் வார்த்தை "இடது பக்கம்" என்று ஆயிற்று. ஒரு நாள் வியர்த்து விறுவிறுத்து ஒருத்தர் வந்து, காரை எங்கே நிறுத்தினேன் என்று தெரியவில்லை என்றார். தூணில் என்ன கலர் அடித்திருந்தது என்று கேட்டு, மஞ்சள் என்றால் பின்பக்கம் என்று சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவரே திரும்பி வந்தார்.

"கார் கிடைச்சது மோளே. இப்போ வீட்டுக்காரியைக் காணலை. பச்சைச் சுடிதார். அது எந்தப் பக்கம்?"

ஸ்டூல்

கடையில் நிற்கிற பெண்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று இங்கே சட்டமே உண்டு. சாலைக் கடையிலும் ஸ்டூல் இருந்தது, அதன்மேல் எப்போதும் சேலைக்கட்டு உட்கார்ந்திருக்கும். மாலில் ஆளுக்கொரு சிவப்பு ஸ்டூல், சுற்றுகிற மாதிரி. முதல் நாள் உட்கார்ந்தபோது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன். அப்புறம் பழகியது. பழகின பிறகுதான் அது என் ஸ்டூல் இல்லை, வீட்டுக்காரர்களின் ஸ்டூல் என்று தெரிந்தது. மனைவி சேலை பார்க்கப் போனதும் புருஷன் சுற்றுமுற்றும் பார்ப்பார். நான் ஒரு சேலையை எட்டி எடுக்க எழுந்தால் போதும், அவர் உட்கார்ந்துவிடுவார். எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் ஏது?

ஒரு சனிக்கிழமை ஒரு பெரியவர் உட்கார்ந்தார். அவர் மனைவி எங்கள் கடையைப் பார்த்து முடித்து, பக்கத்துக் கடைக்குப் போய், மேல்மாடிக்கும் போய்விட்டார். இவரை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது. பென்ஷன் வாங்குகிறவராம். கடைக்கு வருகிற கூட்டத்தைப் பற்றி, மழை பெய்தால் பைபாஸில் தண்ணீர் நிற்பதைப் பற்றி, மகன் துபாயில் இருப்பதைப் பற்றி எல்லாம் சொன்னார். நான் ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றுகொண்டு கேட்டேன். நல்ல மனுஷர். சாயங்காலம் ஆனபோது என்னை ஏற இறங்கப் பார்த்து, முகம் வாடிச் சொன்னார்.

"எவ்வளவு நேரமா நிக்கறே மோளே! கால் வலிக்காதோ? முதலாளிகிட்டே ஒரு ஸ்டூல் கேளு. பயப்படாண்டாம், சட்டம் உண்டு, கேட்டியா."

போட்டோ

சாலையில் யாரும் சும்மா படி ஏற மாட்டார்கள். ஏறினால் அண்ணாச்சி, "என்ன எடுக்கணும்?" என்று கேட்டுவிடுவார், பதில் சொல்ல வேண்டும். மாலில் அப்படி இல்லை. கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல ஒரு பக்கமாக நுழைந்து, எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, மறுபக்கமாகப் போய்விடுகிறார்கள். ஷீபா சேச்சிக்கு எரிச்சலாக வரும். எனக்கு ஒரே ஆச்சரியம். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு நேரம் பார்த்து, என்னதான் கொண்டுபோகிறார்கள்?

அதில் ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரும். அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைகள். அந்த அம்மா ஒரு சேலையை எடுத்து மேலே வைத்துக் கண்ணாடியில் பார்ப்பாள். வீட்டுக்காரர் செல்போனில் போட்டோ எடுப்பார். பிறகு நான் மடிப்பதைவிட நன்றாக மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். அந்த மடிப்புக்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எப்படித்தான் தைரியம் வந்ததோ, அந்தப் போட்டோவை என்ன செய்வீங்க என்று கேட்டேவிட்டேன். அவள் சுற்றிலும் பார்த்து, நிதின் சார் தூரத்தில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, என் காதருகே வந்து சொன்னாள்.

"இதைச் சாலையில ஒரு அண்ணாச்சி கடையில காட்டினா இதே சேலை குறைஞ்ச விலைக்குக் கிடைக்கும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. நியாயமான ஆளாம் அவர். இப்போ போனா பூட்டிக் கிடக்கு, எங்கே போனாரோ! இங்கே இருக்கறவங்க கொள்ளையடிக்கறாங்க, நீ யார்கிட்டேயும் சொல்லாதே."

ஒரு வார்த்தை

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். மகன் நிச்சயதார்த்தத்துக்குச் சேலை. விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு, அதில் பாதியைச் சொல்லி, "தருவியா?" என்றார். ஃபிக்ஸட் ரேட் என்று சொல்ல வேண்டும். நான் சொல்லப் போவதற்குள் அவரே கொஞ்சம் ஏற்றினார். நான் சேலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் கொஞ்சம் ஏற்றினார். என் வாய் மூடியிருக்க மூடியிருக்க அவர் விலை ஏறிக்கொண்டே போய், சீட்டில் போட்டிருந்த இடத்துக்கே வந்து நின்றது. தூரத்தில் ஷீபா சேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா சேலையை பில் போடக் கொடுத்தார், ஆனால் கோபம் தீரவில்லை. போகும்போது திரும்பி வந்து என் கவுண்டரைத் தட்டினார்.

"என்னா கல்லு மனசு பிள்ளே உனக்கு! நீ விலையைக் குறைக்காண்டாம். குறைக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன, முத்தா உதிர்ந்திரும்?"

அண்ணாச்சியின் சந்தேகம்

அண்ணாச்சி மாதத்தில் ஒரு நாள் ஆரியசாலை வீட்டிலிருந்து கடையைப் பார்க்க வருவார். முதல் தடவை வந்தபோது பழக்கம் விடாமல் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். பழைய கடையில் எல்லாரும் செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் மெத்தைவிரிப்பில் ஏறி உட்கார வேண்டும். மாலில் துடைத்துப் பெருக்குகிற ஆள் வந்தார், கேட்பாரற்றுக் கிடந்த செருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மைக்கில் மலையாளத்திலும் இங்கிலீஷிலும், ஒரு ஜோடி செருப்பு கிடைத்திருக்கிறது, சொந்தக்காரர் கீழ்த்தளத்துக்கு வரவும் என்று சொன்னார்கள். அண்ணாச்சி, "எவன்லே அவன், செருப்பைத் தொலைச்சவன்" என்று சிரித்தார். வெளியே வந்த பிறகு சிரிக்கவில்லை.

நான் போய் வாங்கி வந்தேன். அவர் சிவப்பு ஸ்டூலில் உட்கார்ந்து கடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாலைக் கடையை யாரோ பார்சல் வைக்கிற கோடவுனுக்கு வாடகைக்குக் கேட்கிறார்கள் என்றார். கொடுத்துவிடப் போகிறாராம். அதைச் சொல்லும்போது வருத்தம் ஒன்றும் இல்லை, இந்த வியாபாரம் லாபமாகத்தான் இருக்கிறது. வேறு ஏதோ அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கூரையைப் பார்த்தார், விளக்குகளைப் பார்த்தார், கடைசியில் என்னைக் கேட்டார்.

"ஏம்மா, வெளிய மழையா வெயிலா, பகலா ராத்திரியா ஒண்ணும் தெரியலையே. இங்க எதை வச்சும்மா கடை அடைக்கது?"

மயில் நீலம்

ஓணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கடையில் நிற்க இடமில்லை. நிதின் சார் காலையிலேயே என்னைக் கூப்பிட்டு, "இந்த வாரம் முழுக்க உன்னைக் கவனிக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டார். மிரட்டவில்லை. நடக்கப் போவதைச் சொன்னார், அவ்வளவுதான்.

பாறசாலையிலிருந்து ஒரு அம்மா மகளோடு வந்தார். சாலைக் கடைக்கு வழக்கமாக வருகிறவர். என்னைக் கண்டதும், "மிண்டாப்பெண்ணு இங்கேயா நிக்குது!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பேசாத பெண் என்று அர்த்தம், சாலையில் எனக்கு அதுதான் பேர். ஓணம் கழிந்ததும் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தச் சேலை மயில் நீலத்தில்தான் வேண்டும் என்று மகளுக்குப் பிடிவாதம். நிறையப் பிரித்துப் போட்டு, ஒன்று மகளுக்குப் பிடித்தது. அம்மா அந்தச் சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். யாரும் சொல்லாமலே நான் முந்தியைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

இதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். சாலையில் பட்டுச் சேலையை வெயிலில் பார்க்காமல் யாரும் வாங்க மாட்டார்கள். டியூப்லைட்டில் ஒரு நிறம், வெளியே ஒரு நிறம். அதனால் வாங்குகிறவர் ஒரு முனையைப் பிடித்துத் தெருவில் இறங்குவார், கடைப்பெண் முந்தியைப் பிடித்துக்கொண்டு கூடவே போவாள். முந்தியை மட்டும் விடக்கூடாது, அது அண்ணாச்சியின் கண்டிப்பு. ரெண்டு படி இறங்கினால் வெயில். வருஷக்கணக்காகச் செய்த வேலை, கால் தானாகப் போய்விட்டது.

வாசலில் ரெண்டு பக்கமும் நிற்கிற தூண்கள் கீகீ என்று கத்தின. அம்மா பையைத் திறந்து செல்போனைப் பார்த்தார். மகளும் தன்னுடையதைப் பார்த்தாள். நம்முடையது இல்லை என்று தெரிந்ததும் தொடர்ந்து நடந்தோம்.

வராந்தாவில் நின்று அம்மா கேட்டார், "வெயில் எங்கே மோளே?"

பாத்ரூம் தெரியும், ஏடிஎம் தெரியும். இதை யாரும் கேட்டதில்லை. "கீழே" என்றேன்.

எஸ்கலேட்டரில் அம்மா முன்னால், நான் பின்னால், நடுவில் சேலை. படியில் மாட்டிவிடக் கூடாதே என்று துணியையெல்லாம் கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டேன். மகள் முகத்தை ஷாலால் மூடிக்கொண்டு, "அம்மே, நாணக்கேடு, ஆளுகள் பாக்குது" என்று முணுமுணுத்தாள். ஆளுகள் பார்த்தார்கள்தான். ஏதோ ஊர்வலம் என்று நினைத்து வழிகூட விட்டார்கள். யாரோ செல்போனில் பிடித்தார்கள். மழை விட்ட வெயில் வெளியே சுள்ளென்று அடித்தது. சேலையை விரித்தோம். பின்னாலேயே செக்யூரிட்டி அண்ணன் ஓடி வந்தார், அவருக்குப் பின்னால் நிதின் சார்.

"எந்தரு அப்பி, இந்த ஓட்டம்? பஸ் போயாச்சா?" என்றார் அம்மா. எந்தரு என்றால் என்ன என்று அர்த்தம், அப்பி என்று இங்கே சின்னப் பையன்களைத்தான் கூப்பிடுவார்கள்.

"அம்மா, பில் போடாமல் வெளியே..." என்றார் நிதின் சார்.

"நிறம் பாக்காம பில்லா?"

நிதின் சார் என் பக்கம் திரும்பினார். "தெரியாதவங்க வந்தாங்க, சரி. நீ எதுக்கு வந்தே? நீ தடுக்க வேண்டாமா?"

அவ்வளவுதான், வேலை போயிற்று என்று நினைத்தேன். பிள்ளையின் முகம் கண்ணில் வந்தது. போகப்போகிற வேலைதானே என்று நினைத்ததாலோ என்னவோ, வாய் திறந்துவிட்டது. "முந்தியை நான் விடலை சார். பாருங்க, கையிலதான் இருக்கு. கடைக்குள்ளே லைட்டு எல்லாச் சேலையையும் ஒரே மாதிரி காட்டுது. கல்யாணத்துக்கு எடுக்கறவங்க வீட்டுக்குப் போய்ப் பார்த்து, நிறம் வேறன்னு அழுதா நல்லாயிருக்குமா சார்? ஒரு தலைப்பு நம்ம கையில இருந்தா சேலை எங்கேயும் போகாது." அந்தக் கட்டடத்தில் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், "அவ்வளவுதான் சார்" என்று வேறு சொன்னேன்.

அதற்குள் அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இது நீலமில்லே, பச்சையாக்கும்!" என்றார். எல்லாரும் குனிந்தோம். செக்யூரிட்டி அண்ணன் நீலம் என்றார். சவாரிக்காகக் காத்திருந்த ஆட்டோக்காரர் இறங்கி வந்து பச்சை என்றார். நிதின் சார் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். அவருக்கும் அது என்ன நிறம் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. "பச்சை கொஞ்சம் கலந்த நீலம்" என்றார்.

"அப்பி உள்ளே போய் வேறே நாலு நீலம் எடுத்துட்டு வா. இவள் இங்கே நிக்கட்டும்" என்றார் அம்மா. நிதின் சார் போனார்! ஒரு கை நிறையச் சேலையோடு வந்தார். செக்யூரிட்டி அண்ணன் ஒரு முந்தியைப் பிடிக்க, நான் ஒன்றைப் பிடிக்க, எல்லாம் வெயிலில் பார்த்தாயிற்று. எதுவும் சரிவரவில்லை. அப்போதுதான் மகள் ஷாலை இறக்கினாள். "அம்மே, தாலி கட்டறது மண்டபத்திலல்லே? அங்கே முழுக்க லைட்டு. நான் வெயிலிலா உட்காரப் போறேன்? லைட்டில எனக்கு முதல் சேலைதான் மயில் நீலம். அது மதி, போதும்."

நான் பேசின பேச்செல்லாம் வீணோ என்றுகூட எனக்குத் தோன்றியது. அம்மா கொஞ்ச நேரம் சேலையையும் சூரியனையும் பார்த்தார். பிறகு முதல் சேலையை மடித்து நிதின் சார் கையில் கொடுத்தார்.

"மண்டபத்துக்குள்ளே நீலம், வெளியே வந்தா பச்சை. அப்போ ஒண்ணு எடுத்தா ரெண்டு சேலையாக்கும்! பில் போடு, அப்பி."

ஓணம் கழிந்து

செல்போனில் பிடித்தவர் யாரோ அதை ரீல் ஆக்கிவிட்டார். எஸ்கலேட்டரில் சேலை இறங்குவதும், நிதின் சார் கண்ணாடியைக் கழற்றிக் குனிவதும் அதில் நன்றாக விழுந்திருந்தது. ஓண வாரம் முழுக்கக் கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து, "வெயிலில் காட்டற கடை இதுதானா?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நிதின் சார் என்னைத் தேடுவார், நான் முந்தியைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஓணம் முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டபோது, சாமான் கட்ட அட்டைப்பெட்டிக்கு வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

மால் ஆபீஸில் பேசி அனுமதி வாங்கிவிட்டேன் என்றார் அவர். முன்வாசலுக்கு இடது பக்கம் ஒரு இடம். கல்யாணச் சேலை எடுக்கிறவர்களை அங்கே கூட்டிப்போய்க் காட்டலாம். வாசல் தூண்களைக் கத்த வைக்கிற, சேலையில் குத்தியிருக்கிற பட்டனை முதலிலேயே கழற்றிவிடுவார்கள். "வாசல்ல வணக்கம் சொல்ல நான் வேறே ஆள் பார்த்துக்கறேன். அங்கே நிக்க முந்தியை விடாத ஆள்தான் வேணும். நீ இரு" என்றார். தலையாட்டினேன். வெளியே வந்ததும் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, பெட்டி வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஷீபா சேச்சி இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தாள்.

"வாய் வலிக்க வலிக்கப் பேசின எனக்கு அதே பழைய கவுண்டர். மிண்டாத நினக்குச் சூரியனையே எழுதிக் கொடுத்தாச்சு. நடக்கட்டும், நடக்கட்டும்!"

ஏசிக் கடையில் வேலை என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்ட நான், இப்போது பகலெல்லாம் மால் வாசல் வெயிலில் நின்று கறுத்துக்கொண்டிருக்கிறேன், கேட்கிறவர்களிடம் இதற்குப் பேர் ப்ரமோஷன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.